சுவரைவிடக் கண்ணாடி அதிகம்: ஹார்ட்விக் மாளிகை பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழின் கேள்வி-பதில் பகுதியில், இங்கிலாந்தின் டார்பிஷயரில் உள்ள ஹார்ட்விக் மாளிகையைப் பற்றி அவ்வூரார் ‘ஹார்ட்விக் மாளிகையில் சுவரைவிடக் கண்ணாடி அதிகம்’ என்று எதுகையோடு சொல்லும் பழைய வழக்கு ஒன்றை ஒரே வரியில் குறிப்பிட்டிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கடிதங்கள் வந்திருக்கின்றன. எல்லாம் ஒரே பொருளைப் பற்றியவை என்பதால் இந்த இதழின் பகுதியை முழுவதுமாக அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி (தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகி): நாட்டிங்ஹாமில் இருக்கும் என் மகளின் வீட்டுக்குப் போயிருந்தபோது, நெடுஞ்சாலையில் காரில் செல்கையில் குன்றின்மேல் ஆறு கோபுரங்களோடு ஒரு கட்டடத்தைப் பார்த்தேன். ‘அதுதான் ஹார்ட்விக் ஹால்’ என்றாள் மகள். ஹால் என்றால் வீட்டின் கூடம்தானே, ஒரு மாளிகை முழுவதற்கும் எப்படி அந்தப் பெயர் வந்தது? அதைக் கட்டியவர் யார்?

பதில்: உங்கள் சந்தேகம் நியாயமானது, அந்தச் சொல்லின் வரலாறும் நீங்கள் நினைப்பதற்கு நெருக்கமாகவே இருக்கிறது. இடைக்கால இங்கிலாந்தில் ஒரு நிலக்கிழாரின் வீடு என்பதே பெரும்பாலும் ஒரு பெருங்கூடம்தான். நடுவில் தீ மூட்டி, எசமானரும் பணியாட்களும் ஒரே கூரையின்கீழ் உண்டு, பலர் அங்கேயே உறங்கினர். பின்னர் தனியறைகள் பெருகியபோதும் கூடத்தின் பெயர் வீட்டின் பெயராகவே நின்றுவிட்டது. ‘கன்ட்ரி ஹவுஸ்’ என்று அவர்கள் சொல்வதைக் கிராமத்து வீடு என்று மொழிபெயர்த்தால் பொருள் சிதைந்துவிடும். சுற்றியுள்ள பல ஆயிரம் ஏக்கர் நிலத்தின் குத்தகை வருவாய் வந்து சேரும் இடமும், அந்த வட்டாரத்தின் அதிகாரம் குடியிருந்த இடமும் அதுவே. நம்மூர் வழக்கில் ஜமீன் அரண்மனை என்று சொன்னால் ஓரளவு கிட்ட வரும்.

ஹார்ட்விக்கைக் கட்டியவர் ஒரு பெண். எலிசபெத் என்பது அவருடைய பெயர். வரலாற்றில் ‘ஹார்ட்விக் பெஸ்’ என்றே அறியப்படுகிறார். ஏறத்தாழ 1527இல் இதே குன்றின்மேல் இருந்த ஒரு நடுத்தர நிலக்கிழாரின் வீட்டில் பிறந்தார். சிறு குழந்தையாக இருந்தபோதே தந்தையை இழந்தார். அவர் நான்கு முறை மணம் செய்துகொண்டவர். அதைச் சொல்லிச் சிரிப்பவர்கள், அக்காலச் சட்டத்தை மறந்துவிடுகிறார்கள். மணமான பெண்ணின் சொத்து கணவனின் கைக்குப் போய்விடும். கைம்பெண்ணுக்கோ கணவனின் நிலத்தில் ஆயுள்காலப் பங்கும், அதைத் தன் விருப்பப்படி ஆளும் உரிமையும் உண்டு. ஒவ்வொரு மணமும் அவரை ஒரு படி மேலே ஏற்றியது. இரண்டாவது கணவர் வில்லியம் கேவண்டிஷ், எட்டாம் ஹென்றி மன்னர் துறவிமடங்களைக் கலைத்துச் சொத்துகளைக் கைப்பற்றியபோது அந்தக் கணக்குகளைப் பார்த்த அதிகாரிகளில் ஒருவர். பெஸ்ஸின் பிள்ளைகள் அனைவரும் இவருக்குப் பிறந்தவர்களே. நான்காவது கணவர், நாட்டின் பெரும் செல்வந்தர்களில் ஒருவரான ஷ்ரூஸ்பரி பிரபு. அந்த மணம் கசந்து, கணவரின் வீட்டைவிட்டு வெளியேறிய பெஸ் தாம் பிறந்த ஹார்ட்விக்குக்கே திரும்பி, பழைய வீட்டை 1587இலிருந்து விரித்துக் கட்டத் தொடங்கினார். அந்த வேலை முடிவதற்கு முன்பே 1590இல் பிரபு இறந்தார். அறுபது வயதைக் கடந்திருந்த பெஸ், அரைகுறையாக நின்ற அந்த வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் முற்றிலும் புதிய மாளிகைக்கு அஸ்திவாரம் போட்டார். 1597 அக்டோபரில் அதில் குடிபுகுந்தார்.

நீங்கள் பார்த்த ஆறு கோபுரங்களின் உச்சியிலும் கல்லில் செதுக்கிய கிரீட வடிவின்கீழ் ‘இ’, ‘எஸ்’ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் நிற்கின்றன. எலிசபெத் ஷ்ரூஸ்பரி என்பதன் முதலெழுத்துகள் அவை. வானத்தைப் பின்னணியாக வைத்துத் தம் பெயரை எழுதிவைத்த கட்டடக்காரர்கள் உலகில் அதிகம் இல்லை.

கேள்வி (கோயம்புத்தூரிலிருந்து ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர்): இரும்பு உத்தரமோ கான்கிரீட்டோ இல்லாத காலத்தில், வெளிச்சுவரின் பெரும்பகுதியைக் கண்ணாடிக்கு விட்டுவிட்டால் கட்டடம் எப்படி நிற்கும்? வடிவமைத்தவர் யார்?

பதில்: பாரத்தை வெளியிலிருந்து உள்ளே தள்ளிவிட்டார்கள் என்பதே சுருக்கமான விடை. மாளிகையின் உட்பகுதியில் முதுகெலும்புபோல நீளவாக்கில் ஓடும் தடித்த கற்சுவர் உண்டு. அதற்குக் குறுக்கே இணைப்புச் சுவர்கள் உண்டு. கட்டடத்தின் பலம் பெரும்பாலும் இவற்றில்தான் இருக்கிறது. குளிர்நாட்டு வீட்டில் ஒவ்வொரு பெரிய அறைக்கும் கணப்பு வேண்டும், கணப்புக்குப் புகைபோக்கி வேண்டும். வழக்கமாக அது வெளிச்சுவரில் ஏறிச் செல்லும். இங்கே புகைபோக்கிகளைப் பெரும்பாலும் உட்சுவர்களின் தடிமனுக்குள்ளேயே ஏற்றிவிட்டதால், வெளிமுகம் முழுவதும் ஜன்னலுக்கு விடுதலையாகிவிட்டது. செவ்வக வடிவான நடுக்கட்டடத்தை ஒட்டி, முன்னால் இரண்டும் பின்னால் இரண்டும் பக்கத்துக்கு ஒன்றுமாக நிற்கும் ஆறு கோபுரங்களும் வெறும் அழகுக்காக அல்ல. முட்டுக்கால்கள்போல நின்று சுவர்களைப் பிடித்துக்கொள்ளவும் செய்கின்றன.

இதில் ஒரு சின்னக் கள்ளமும் உண்டு. எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் இடமும் வலமும் ஒத்திருக்க வேண்டும் என்பது அக்கால மோகம். அதற்காக, உள்ளே புகைபோக்கி ஏறும் இடத்திலும் வெளியே ஜன்னல் வைத்துக் கண்ணாடி பதித்திருக்கிறார்கள்; அதன் பின்னால் இருப்பது இருண்ட கற்சுவர். வெளியே ஒரே நெடிய ஜன்னலாகத் தெரியும் சிலவற்றின் பின்னால் இரண்டு தளங்கள் ஒளிந்திருக்கின்றன. வெளித்தோற்றத்துக்காக உள்ளே இப்படி வளைந்துகொடுத்திருப்பதைச் சில கட்டடக்கலை அறிஞர்கள் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அது குறையாகப் படவில்லை. ஒரு பெண் ஊருக்குக் காட்டவேண்டும் என்று கட்டிய வீட்டில், ஊர் பார்க்கும் பக்கம்தான் முதலில் தீர்மானமாகியிருக்கும்.

முகப்பை நிதானமாகப் பாருங்கள். நம் கண்ணுக்குப் பழகிய வீடுகளில் கீழ்த்தளம் உயரமாகவும் மேலே போகப்போகக் குறுகியும் இருக்கும். ஹார்ட்விக்கில் தலைகீழ். கீழ்த்தளத்து ஜன்னல்கள் குட்டையானவை, இரண்டாவது வரிசை அதைவிட உயரம், மூன்றாவது வரிசை எல்லாவற்றிலும் உயரம். கீழே சமையலறையும் பணியாட்களும், நடுத்தளத்தில் பெஸ்ஸும் குடும்பத்தாரும் அன்றாடம் புழங்கிய அறைகள், உச்சியில் விருந்தும் அரச வரவேற்பும் நடக்கவேண்டிய மண்டபங்கள். யார் எங்கே இருக்க வேண்டும் என்ற படிநிலையை வாசலில் நின்றபடியே ஜன்னலின் உயரத்தை வைத்துப் படித்துவிடலாம். இதற்கு ஒரு விலையும் உண்டு. கீழே சமைத்த உணவை ஏந்திக்கொண்டு, பணியாட்கள் வரிசையாக, வீட்டினூடே வளைந்து வளைந்து ஏறும் நீண்ட கற்படிக்கட்டு முழுவதையும் கடந்து உச்சித்தளத்துப் பெருமண்டபத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த ஊர்வலமே ஒரு சடங்காகக் கருதப்பட்டது. குழம்பு சூடாக வந்ததா என்பது வேறு விஷயம்.

கூடத்தின் அமைப்பிலும் ஒரு புதுமை இருக்கிறது. பழைய ஆங்கில வீட்டில் கூடம் முகப்புக்கு இணையாகப் படுத்திருக்கும். அதன் ஒரு மூலையில் வாசல் இருக்கும். அதனால் முகப்பு ஒருபோதும் சமச்சீராக அமையாது. ஹார்ட்விக்கில் கூடத்தையே திருப்பி, முன்வாசலிலிருந்து நேராக வீட்டை ஊடுருவிப் பின்பக்கம் போகும்படி வைத்தார்கள். வாசல் நடுவில் வந்தது. இரண்டு பக்கமும் தராசுத் தட்டுகள்போல நின்றன. இங்கிலாந்தில் இந்த அமைப்புக்கு மிகத் தொடக்ககால உதாரணங்களில் இது ஒன்று.

வடிவமைத்தவர் ராபர்ட் ஸ்மித்சன் என்று அறிஞர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். கல்தச்சராகத் தொடங்கி, லாங்லீட் மாளிகையில் வேலை செய்து, நாட்டிங்ஹாமின் வோலட்டன் மாளிகையால் புகழ்பெற்றவர், 1614இல் இறந்தார். இன்று நாம் சொல்லும் பொருளில் ‘ஆர்க்கிடெக்ட்’ என்ற தொழில் அன்று இங்கிலாந்தில் இல்லை. வரைபடம் கொடுப்பவர் ஒருவர், அன்றாடம் நின்று கட்டுபவர்கள் வேறு கொத்தர்களும் தச்சர்களும், நடுநடுவே மாற்றச் சொல்பவர் வீட்டுக்காரர். ஹார்ட்விக்கின் அமைப்பை ஒத்த ஒரு வரைபடம் ஸ்மித்சன் விட்டுச்சென்ற தாள்களில் இருக்கிறது. பெஸ்ஸின் கணக்குப் புத்தகத்தில் 1597இல் ‘சர்வேயர் ஸ்மித்சன்’ என்பவருக்கும் அவருடைய மகனுக்கும் சிறு தொகை கொடுத்ததாக எழுதியிருக்கிறது. கல்லும் மரமும் சுண்ணாம்பும் பெரும்பாலும் அவருடைய சொந்த நிலங்களிலிருந்தே வந்தன. கல்லை வெட்டிய இடம் குன்றின் அடிவாரத்திலேயே இருந்தது. கண்ணாடிக்கென்று தமக்குச் சொந்தமான உலையே வைத்திருந்தார். கண்ணாடியே ஆடம்பரப் பொருளாக இருந்த காலத்தில், அவரால் இத்தனை ஜன்னல்கள் வைக்க முடிந்ததன் ரகசியம் அதுதான்.

கேள்வி (மதுரையிலிருந்து ஒரு மாணவர்): இங்கிலாந்தில் ஜன்னல்களுக்கு வரி இருந்ததாகவும், அதற்கு அஞ்சி ஜன்னல்களை அடைத்ததாகவும் படித்தேன். ஹார்ட்விக்கின் பொய் ஜன்னல்களும் அப்படி வந்தவையா?

பதில்: இல்லை. ஜன்னல் வரி 1696இல் வந்து 1851இல் நீங்கியது. ஹார்ட்விக் அதற்கு நூறாண்டு முந்தியது. வரிக்கு அஞ்சியவர்கள் இருந்த ஜன்னலை அடைத்தார்கள்; பெஸ்ஸோ இல்லாத ஜன்னலை இருப்பதுபோலக் காட்டினார்.

கேள்வி (திருநெல்வேலியிலிருந்து ஒரு வாசகி): இத்தனை கண்ணாடி இருந்தால் குளிர்காலத்தில் உள்ளே எப்படி இருந்திருப்பார்கள்? உட்புறத்தில் பார்க்கத்தக்கவை என்ன?

பதில்: நடுங்கிக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். 1601இல் பெஸ் தம் உயிலையொட்டி வீட்டுப் பொருள்களை அறைவாரியாகப் பட்டியலிட்டு எழுதவைத்தார்; அந்தப் பட்டியல் இன்றும் இருக்கிறது. அவருடைய படுக்கையறைக்கான பதிவில் கம்பளிகளும் மெத்தைவிரிப்புகளும் அடுக்கடுக்காக வருகின்றன. நடுவே, ஜன்னலுக்குமுன் தொங்கவிட ஒரு போர்வை, கதவுக்குமுன் தொங்கவிட ஒரு போர்வை என்றும் எழுதியிருக்கிறது. நாட்டிலேயே பெருமைக்குரிய ஜன்னல்களை வைத்தவர், இரவில் அவற்றைப் போர்வையால் மூடிக்கொண்டு படுத்திருக்கிறார். அதே அறையில் இருந்த புத்தகங்கள் ஆறே ஆறு. கணக்கேடுகளைத்தான் அவர் அதிகம் படித்திருப்பார் என்று தோன்றுகிறது. ஒவ்வொரு பக்கத்தையும் சரிபார்த்துக் கையொப்பம் இடுவது அவருடைய வழக்கம்.

சுவர்களை மூடிய நெசவுச் சித்திரத் திரைகள் அழகுக்கும் ஆயின, குளிரைத் தடுக்கவும் ஆயின. உச்சித்தளத்து நெடுங்கூடம் ஏறத்தாழ 50 மீட்டர் நீளமும் 8 மீட்டர் உயரமும் உடையது. மழைநாளில் வெளியே போகாமல் உலாவுவதற்கும், வந்தவர்களை மலைக்கவைப்பதற்கும் ஆனது. அங்கே தொங்கும் 13 திரைகள் விவிலியத்தில் வரும் கிதியோனின் கதையைச் சொல்பவை. அவற்றை பெஸ் நெய்யச்சொல்லவில்லை. முன்பு கிறிஸ்டபர் ஹாட்டன் என்ற அரசவைப் பிரமுகருக்காக நெய்தவற்றை, அவர் கடனோடு இறந்த பிறகு, 1592இல் அவருடைய வாரிசிடமிருந்து 326 பவுண்டுக்கு வாங்கினார். ஹாட்டனின் குலச்சின்னம் திரைகளில் நெய்யப்பட்டிருந்தது. அதை மாற்றும் செலவுக்கென்று 5 பவுண்டு விலையில் குறைக்கச் செய்தார். பிறகு தம் சின்னத்தைத் துணியில் தீட்டி அதன்மேல் தைத்தார். ஹாட்டனின் பெண்மானுக்குக் கொம்பு வரைந்து, கேவண்டிஷ் குடும்பத்தின் கலைமானாக்கிவிட்டார்! அருகில் நின்று பார்த்தால் இந்த ஒட்டு வேலை இன்றும் தெரியும். இந்தப் பதின்மூன்றையும் செப்பனிட 24 ஆண்டுகள் ஆகி, 2023இல்தான் வேலை முடிந்தது.

பக்கத்துப் பெருமண்டபத்தில் திரைகளுக்குமேல் சுவரின் மேற்பகுதி முழுவதும் சுதையால் செய்து வண்ணம் தீட்டிய காட்டுக் காட்சி ஓடுகிறது. வேட்டைத் தெய்வமான டயானா தோழியரோடு அமர்ந்திருக்கிறாள். ஆபிரகாம் ஸ்மித் என்ற கலைஞரின் வேலை அது. நெல்லை வாசகியான உங்களுக்கு இன்னொரு செய்தி பிடிக்கும்: அந்த மண்டபங்களின் தரையில் விரித்திருப்பது கோரைப் பாய். பத்தமடைப் பாயின் நேர்த்தியை எதிர்பார்க்காதீர்கள். தடித்த நாணலைப் பின்னலாக முறுக்கித் தைத்த முரட்டுப் பாய் அது. பணக்கார வீட்டில் கம்பளம் இருந்திருக்குமே என்று கேட்பீர்கள். இருந்தது, அதை மேசைமேல் விரித்தார்கள், காலால் மிதிக்க மனம் வரவில்லை.

நடுத்தர அளவிலான சில துணிச்சித்திரங்களையும் தேடிப் பாருங்கள். பெனலோப்பி, லுக்ரீஷியா, ஸெனோபியா முதலிய பழங்காலத்துப் புகழ்பெற்ற பெண்கள் வெட்டுத்துணி வேலையில் நிற்கிறார்கள். அவர்களுடைய உடைக்குப் பயன்பட்ட வெல்வெட்டும் பொன்னிழைத் துணியும் ஒரு காலத்தில் தேவாலயப் பாதிரிமார் அணிந்த அங்கிகள். மடங்கள் கலைந்தபோது கைமாறியவை. இரண்டாம் கணவரின் உத்தியோகத்தை மேலே சொன்னேன்.

கேள்வி (சென்னையிலிருந்து ஒரு வாசகர்): ஸ்காட்லாந்து அரசி மேரி அங்கேதான் சிறையிருந்தார் என்று ஒரு பயணக் குறிப்பில் படித்தேன். உண்மையா?

பதில்: மேரி 1587 பிப்ரவரியில் ஃபாதரிங்கேயில் தலை வெட்டப்பட்டு இறந்தார். இந்த மாளிகைக்கு அஸ்திவாரம் போட்டதே 1590இல். ஆகவே அவர் இதற்குள் காலடி வைத்திருக்க வழியில்லை. குழப்பத்துக்குக் காரணம் உண்டு: 1569 முதல் 1584 வரை அவரைக் காவலில் வைத்திருந்தவர் பெஸ்ஸின் கணவரான ஷ்ரூஸ்பரி பிரபுவே. ஷெஃபீல்டு, சாட்ஸ்வர்த் முதலிய இடங்களில் பெஸ்ஸும் மேரியும் ஒன்றாக அமர்ந்து பூவேலை தைத்தனர். பின்னாளில் ஹார்ட்விக்கின் ஓர் அறைக்கு மேரியின் பெயரைச் சூட்டிவிட, வந்தவர்கள் அதையே வரலாறாக எடுத்துக்கொண்டார்கள். இங்கே உண்மையிலேயே அடைபட்டுக் கிடந்தவள் பெஸ்ஸின் பேத்தி அராபெல்லா ஸ்டூவர்ட். அரியணைக்கு உரிமை கோரத்தக்க இரத்தம் அவளுடையது. அதனாலேயே பாட்டியின் கண்காணிப்பிலிருந்து தப்ப முடியாமல் தவித்தாள்.

கேள்வி (காரைக்குடியிலிருந்து ஒரு வாசகர்): இத்தகைய மாளிகைகள் நம் நாட்டுச் செல்வத்தால் எழுந்தவைதாமே? இதைப் பற்றி ஏன் வாய் திறப்பதில்லை?

பதில்: ஹார்ட்விக் விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியாது. கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சாசனம் கிடைத்தது 1600 டிசம்பர் 31இல். அதற்கு மூன்றாண்டு முன்பே பெஸ் குடிபுகுந்துவிட்டார். இங்கே புரண்டது உள்நாட்டு மடங்களின் சொத்தும், டார்பிஷயர் குத்தகைதாரர்களின் உழைப்பும், ஈயச் சுரங்கங்களும்.

வேறு மாளிகைகளுக்கு உங்கள் கேள்வி மிகச் சரியாகப் பொருந்தும். சென்னைக் கோட்டையின் ஆளுநராக 1698 முதல் 1709 வரை இருந்த தாமஸ் பிட், கொல்லூர்ச் சுரங்கத்திலிருந்து வந்த பெரிய வைரத்தை இங்கே வாங்கி, 1717இல் பிரான்சின் ஆட்சிப் பொறுப்பாளருக்கு விற்றார். கார்ன்வாலில் உள்ள பொக்கானக் பண்ணை உட்பட அவர் வாங்கிக் குவித்த நிலங்களின் பின்னணியில் அந்த வணிகம் இருக்கிறது. 1744இல் அதே கோட்டைக்குச் சாதாரண எழுத்தராக வந்த ராபர்ட் கிளைவ், 1769இல் சரே பகுதியில் கிளேர்மாண்ட் பண்ணையை வாங்கி, இருந்த வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினார். வேல்ஸில் உள்ள போவிஸ் கோட்டையில் கிளைவ் குடும்பத்தார் கொண்டுபோன இந்தியப் பொருள்கள் இன்றும் காட்சிக்கு இருக்கின்றன. திப்பு சுல்தானின் கூடாரமும் அவற்றில் ஒன்று. ஒவ்வொரு வீட்டின் கணக்கையும் தனித்தனியாகப் பார்த்தால்தான் குற்றச்சாட்டும் வலுவாக நிற்கும்.

கேள்வி (திருச்சியிலிருந்து ஒரு வாசகி): 400 ஆண்டுகளுக்குப் பிறகும் இவ்வளவு மாறாமல் எப்படி இருக்கிறது? இப்போது யாருக்குச் சொந்தம்? நேரில் போனால் எதைத் தவறவிடக் கூடாது?

பதில்: அலட்சியம்தான் காப்பாற்றியது. பெஸ் 1608 பிப்ரவரியில், கடும் உறைபனியின்போது இறந்தார். வேலை நடந்துகொண்டிருக்கும்வரை அவருக்குச் சாவில்லை என்று ஒரு குறி சொல்லப்பட்டிருந்ததாகவும், சாந்து உறைந்து கொத்தர்கள் கைகட்டி நின்றபோது உயிர் பிரிந்ததாகவும் ஊரில் ஒரு கதை உண்டு. அவருடைய மகன் வில்லியம் 1618இல் டெவன்ஷயர் பிரபுவானார். வழித்தோன்றல்கள் 1694இல் அதைவிட உயர்ந்த பட்டமான டியூக் பட்டம் பெற்றனர். அவர்கள் மனம் குடும்பத்தின் இன்னொரு மாளிகையான சாட்ஸ்வர்த்தில் இருந்தது. நாகரிகம் மாறும்போதெல்லாம் அங்கேதான் இடித்தார்கள், கட்டினார்கள். ஹார்ட்விக் இரண்டாம் வீடாகிப் பழைய சாமான்கள் ஒதுங்கும் இடமானது. குடும்பத்தின் ஆசிரியராகவும் உடனுறைவோராகவும் இருந்த தத்துவவாதி தாமஸ் ஹாப்ஸ் 1679இல் 91 வயதில் இங்கேதான் இறந்தார். அருகிலுள்ள ஆல்ட் ஹக்னல் தேவாலயத்தில் அவருடைய கல்லறைக்கல் இருக்கிறது.

1950இல் பத்தாவது டியூக் திடீரென்று இறந்தபோது வாரிசு வரி 80 விழுக்காடாக இருந்தது. சொத்தை முன்பே மகன் பெயருக்கு மாற்றியிருந்தும், சட்டம் கேட்ட ஐந்தாண்டு நிறைவதற்குச் சில மாதங்களே இருக்கையில் இறந்துவிட்டார். அந்த வரிக்கு ஈடாக ஹார்ட்விக் 1956இல் அரசிடம் போய், 1959இல் பழைய மாளிகைகளைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையிடம் வந்தது. அந்த நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாளிகைகள் வரியாலும் வேலையாட்கள் கிடைக்காததாலும் இடிபட்டன என்பதோடு சேர்த்துப் பார்த்தால், இது நல்ல கதி. ஒன்பதாவது டியூக்கின் மனைவியான எவ்லின் 1960இல் இறக்கும்வரை அந்த வீட்டிலேயே இருந்து, கிழிந்த திரைகளைத் தம் கையாலேயே தைத்துக்கொண்டிருந்தார்.

நேரில் போகும்போது உள்ளே இருட்டாக இருந்தால் ஏமாற வேண்டாம். துணிகளின் சாயம் வெளுக்காமலிருக்க ஜன்னல் திரைகளைப் பெரும்பாலும் இறக்கியே வைத்திருப்பார்கள். வெளிச்சத்துக்காகக் கட்டிய வீட்டில் இன்று வெளிச்சத்துக்குத்தான் தடை. கண் பழகும்வரை நின்று பாருங்கள். பக்கத்தில் கூரையின்றி நிற்கும் பழைய வீட்டின் இடிபாட்டையும் பார்த்துவிடுங்கள். முன்முகப்பு மேற்கு நோக்கியது. ஆகவே வெயில் சாயும் நேரம்வரை புல்வெளியில் காத்திருங்கள். ஒவ்வொரு ஜன்னலும் ஈயப் பட்டைகளால் கோத்த நூற்றுக்கணக்கான சிறு துண்டுகளால் ஆனது. பெரிய தகடாகக் கண்ணாடி வார்க்க அன்று தெரியாது. துண்டுகளும் ஒரே மட்டமாக உட்காரவில்லை. அதனால் சாயும் வெயிலை ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோணத்தில் பிடிக்கும். நீங்கள் இரண்டடி நகர்ந்தால், எரிந்துகொண்டிருந்த துண்டு அணைந்து பக்கத்துத் துண்டு பற்றிக்கொள்ளும்.